பேர் சொல்லாத ஜெபக் குறிப்பு

பேக்கரியில் அவளை எல்லோரும் மூத்தவள் என்றுதான் சொல்வார்கள். புகுந்த வீட்டின் மூத்த மருமகள் என்பதால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடமாகக் கேக்கின் மேல் எழுதுகிறாள் என்பதால் நிலைத்துப்போன பெயர். கிரீம் அடைத்த கோனை அவள் கையில் எடுத்தால் எழுத்துகள் நூல் பிடித்தது போல வரிசையில் வந்து உட்காரும். பிறந்தநாளோ, திருமணமோ, பணி ஓய்வோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். கேக் யாருக்கு என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் எழுத்து கோணும் என்பது அவள் கட்சி.

இன்னொரு புகழும் அவளுக்கு உண்டு. அவள் வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்து யாரும் கேட்டதில்லை. நாவை அடக்குவது பற்றிப் போதகர் பிரசங்கிக்கும்போதெல்லாம் சபையில் நாலு தலைகள் அவள் பக்கம் திரும்பும். அவளும் அடக்கமாகக் கீழே பார்த்துக்கொள்வாள். அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான்: பாவம். "நம்ம ரொட்டி மாஸ்டர் நல்லாத்தான் சுடுவார், பாவம்" என்று ஒருமுறை முதலாளி காதில் போட்டாள். மூன்றே மாதத்தில் மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டார். அவருக்காக முதலில் கண்ணீர்விட்டு ஜெபித்ததும் மூத்தவள்தான். அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. அதுதான் சிக்கலே.

இப்படி ஊசி போன தடம் தெரியாமல் குத்திக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு கடப்பாரையே வீட்டுக்குள் வந்தது. கொழுந்தனின் மனைவி. சின்னவள்.

சின்னவளுக்கு வாய் காது வரைக்கும். முதலாளியிடமே "சார், இந்தக் கிரீம் நேத்து உயிரோட இருந்துச்சு, இன்னைக்கு அடக்கம் பண்ணிடலாம்" என்பாள். அவசரத்துக்குப் பேக்கரியில் உதவ வந்தவள் அப்படியே வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் எழுத்து ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். ஆனால் வருகிறவரிடம் கேட்பாள். "பாப்பாவுக்கு என்ன பிடிக்கும்? நாயா? என்ன கலர் நாய்?" பெயருக்குப் பக்கத்தில் பழுப்பு நாய் ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும். பாப்பா துள்ளும். அடுத்த வாரம் அம்மாக்காரி வந்து நின்று, மூத்தவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்தச் சிரிக்கிற பொண்ணு இல்லையா?" என்பாள்.

"இருக்கா, பாவம்" என்று மூத்தவள் சொல்வாள். வார்த்தை முதல்முறையாக வேலை செய்ய மறுத்தது.

ராத்திரி சாப்பிடும்போது புருஷன் கேட்டான். "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. சின்னவளை நினைச்சேன். நல்ல பொண்ணு."

"அவ்வளவு நல்ல பொண்ணை நினைச்சா முகம் இப்படியா ஆகும்?" என்று அவன் எழுந்து கைகழுவப் போனான்.

ஆலயத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. மூன்றடுக்குக் கேக். ஆலய கேக் என்றால் மூத்தவள் கைதான். அதைக் கேட்க வேண்டியதுகூட இல்லை. விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் தலைவியம்மா, "இந்தத் தடவை சின்னவ எழுதட்டுமே, புள்ளைங்க ஆசைப்படுதுங்க" என்றார். "ரொம்ப சந்தோஷம்மா" என்றாள் மூத்தவள். அதற்குப் பிறகு தலைவியம்மா என்னென்னவோ அறிவித்தார். மூத்தவள் காதில் எதுவும் விழவில்லை. அவள் கண் முழுக்கச் சின்னவளின் மடியிலிருந்த புதுக் கைப்பையில் இருந்தது. பச்சை நிறம். கொழுந்தன் வாங்கிக் கொடுத்திருப்பான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், அவளும் சொல்லிவைத்தாள்.

அந்தச் சபைப் பெண்களுக்குள் ஒரு ஜெபச் சங்கிலி உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால், முதல் ஆள் இரண்டாமவளுக்குப் போன் செய்து ஜெபக் குறிப்பைச் சொல்வாள், அவள் மூன்றாமவளுக்கு. கடைசி ஆள் திரும்ப முதல் ஆளைக் கூப்பிட்டு, தனக்கு வந்ததை ஒப்பிக்க வேண்டும். சங்கிலி அறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் கண்ணி மூத்தவள். வேறு யாரைப் போடுவார்கள்?

வியாழக்கிழமை மாலை அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, ஸ்தோத்திரம். ஒரு ஜெபக் குறிப்பு. பேர் சொல்ல வேண்டாம், அது அன்பில்ல. நம்மள்ல ஒரு சகோதரி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. கை நடுங்குது. பெரிய பொறுப்பு ஒண்ணு வேற தலைமேல இருக்கு. சபை முன்னாடி அவமானப்படக் கூடாது, பாவம்."

இதில் பொய் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மைதா மூட்டையை இறக்கிவைத்த கையோடு சின்னவள் கோனைப் பிடித்தாள், கை நடுங்கியது, மூத்தவள் கண்ணால் பார்த்தாள். மூட்டையைப் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஜெபத்தில் எதற்கு மைதா?

ஞாயிறுக்குள் தலைவியம்மா மனம் மாறிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். கடைசிக் கண்ணி ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவர் எப்போதும் ஏழு மணிக்குக் கூப்பிடுவார். ஏழுக்குப் போன் அடித்தது.

"அக்கா! நான்தான்!"

சின்னவள் குரல்.

"நீயா? என்னடி?"

"நான்தானே இப்ப கடைசிக் கண்ணி! ஞாயித்துக்கிழமை சேர்த்தாங்களே, நீங்ககூட ஆமென் சொன்னீங்க."

பச்சைக் கைப்பை மூத்தவளின் கண்முன் வந்து போனது.

சின்னவள் கடமையாக ஒப்பித்தாள். "ஒரு சகோதரி. வேலைக்குச் சேர்ந்து ரொம்ப வருஷமாகுது. கையும் காலும் நடுங்குது. டாக்டருங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. யாருக்கும் தெரியாம மறைச்சு வேலை பாக்குறாங்க." எட்டுப் பேரின் கரிசனம் கைபட்டு, 'கொஞ்ச நாள்' ரொம்ப வருஷமாகியிருந்தது; காலும் டாக்டரும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு சின்னவளின் குரல் இறங்கியது. "அக்கா, யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மூத்தவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீங்கதானே? உங்களைப் பத்தி நீங்களே சொல்லியிருக்கீங்க, பேர் சொல்லாம. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?" அழுகிறாளா? அழுகிறாள். "தலைவியம்மாவுக்கு இப்பதான் போன் போட்டேன். கேக்கை அக்காதான் எழுதணும், என்கிட்டேயிருந்து எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். கை நடுங்கினா நான் பிடிச்சுக்கிறேன். சரியா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு மூன்று வார்த்தை போதும். ஆனால் கேக் கைக்கு வந்துவிட்டதே!

"ஆமென்" என்றாள் மூத்தவள்.

சனிக்கிழமை அவள் கேக்கின் முன் நின்றபோது பேக்கரிச் சமையலறை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். ஒருத்தி உட்கார முக்காலி போட்டாள். ஒருத்தி தைலம் கொண்டுவந்திருந்தாள். தலைவியம்மா தழுதழுத்தார். "இத்தனை வருஷமா வலியை மறைச்சு எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கே, பாவம்."

பாவம்! அந்த வார்த்தை தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்குத் தெரியாது. மேலே விழுந்த பிறகு எடுத்துப் போட முடிவதில்லை. மறுத்துப் பேசினால், "மறைக்கிறா, பாவம்" என்பார்கள்.

முதல் வரியை எழுதி முடித்தாள். நேராகத்தான் வந்தது. அதற்கே பெருமூச்சுகள். இரண்டாம் வரிக்குக் கோனைத் தூக்கியபோது சின்னவள் பக்கத்தில் வந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். மாவு ஒட்டிய, சூடான கை. அந்தக் கையில் துளி சந்தேகம் இல்லை. மூத்தவளின் விரல்கள் மெய்யாகவே நடுங்க ஆரம்பித்தன.

"கையை எடுடி" என்றாள். அவள் குரலில் யாரும் கேட்டிராத சத்தம். "எனக்கு நடுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது உன்னைப் பத்தி நான் சொன்னது."

தைலம் கொண்டுவந்தவள் சீசாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சின்னவள் கையை எடுத்தாள்.

"மைதா மூட்டை அன்னைக்கா?"

"ஆமா."

"அப்ப ஏன் இப்ப நடுங்குது?"

மூத்தவள் கோனை நீட்டினாள். சின்னவள் உடனே வாங்கவில்லை. குழாயைத் திறந்து, அவசியமில்லாமல் நெடுநேரம் கைகழுவினாள். அழுதாளோ என்னவோ, தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை. திரும்பி வந்து, "உங்களுக்காக இல்லக்கா, கிரீம் உருகுது" என்று கோனைப் பிடுங்கி இரண்டாம் வரியை எழுதினாள். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஓரத்தில் ஆலய மணியும், அதன் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் ஒரு சின்னப் பையனும். மறுநாள் எல்லோரும் அந்தப் பையனைத்தான் படமெடுத்தார்கள். முதல் வரியை ஒருவரும் எடுக்கவில்லை.

விழா முடிந்த அன்று மாலை மூத்தவள் இரண்டாம் கண்ணிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஸ்தோத்திரம். ஒரு ஜெபக் குறிப்பு. இந்தத் தடவை ஆளைச் சொல்லியே சொல்றேன். நான்தான். சின்னவ மேல பொறாமையில, நல்லா இருக்கிறவளுக்குக் கை நடுங்குதுன்னு சொன்னேன். ரொட்டி மாஸ்டரைப் பத்தியும் அப்படித்தான் சொன்னேன். எனக்காக ஜெபிங்க."

"இதை... அடுத்தவங்ககிட்ட அப்படியே சொல்லணுமா?"

"அப்படியே."

ஏழு மணிக்குப் போன் அடித்தது. சின்னவள் ஒப்பித்தாள். சங்கிலியின் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு குறிப்பு வார்த்தை மாறாமல் சுற்றி வந்திருந்தது. கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அது ருசியாக இருந்திருக்க வேண்டும்.

"அவ்வளவுதான்க்கா வந்துச்சு" என்றாள் சின்னவள். பிறகு "ஆமென்" என்றாள்.

அந்த ஆமெனைக்கூட அவள் தன்னைவிட நன்றாகச் சொல்கிறாள் என்று மூத்தவளுக்குப் பட்டது. வாய்வரை அந்தப் பழைய 'பாவம்' வந்தது. விழுங்கிக்கொண்டாள்.