வாய்விட்டுப் படிக்காத தாள்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில், கத்தி வைக்கும் முன் நோயாளியின் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் வாய்விட்டுப் படிக்க ஒரு தாள் உண்டு. பெரிய டாக்டருக்குப் பேச்சுச் சத்தம் ஆகாது. அதனால் நர்ஸான நானே காலையில் எல்லாத் தாளிலும் டிக் போட்டு வைத்துவிடுவேன்.

வைத்திக்குப்பத்து மீன்காரம்மா மயங்கும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இடது முட்டி, சிஸ்டர்" என்றார். பச்சைத் துணி விரித்தபோது வெளியே தெரிந்தது வலது முட்டி. மயக்க டாக்டர் சொல்வார் என்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இப்போதும் மீன் வாங்கப் போனால், தவறாக அறுத்த வலது காலையும் இன்னும் வலிக்கிற இடது காலையும் நீட்டி உட்கார்ந்தபடி, "அன்னிக்கு நீதாம்மா என் கையப் புடிச்சிகினு இருந்த" என்று கூட இரண்டு மீன் போடுவார். அந்தக் கைதான் டாக்டருக்குக் கத்தியை எடுத்துக் கொடுத்தது. அதையும் நான் இன்னும் சொல்லவில்லை.