பிபி நம்பரும் கரும்பலகையும்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, எங்கள் வீட்டுச் சுவரில் நான் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தேன். எண்பதுகளில், படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ரேடியோச் செய்தி, மின்தடை, ரேஷன் கடை திறக்கும் நேரம் என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை அழித்து எழுதுவேன். பஸ் நின்றதும் ஜன்னலோரத் தலைகள் திரும்பும். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு அவசரம். வாரம் ஒருமுறை கோவை இலையையும் கரியையும் அரைத்துப் பூசுவேன். அப்படியும் பழைய எழுத்து அடியில் மங்கலாகத் தெரியும். அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் போன். அக்கம்பக்கத்தாருக்கும் அதுதான் பிபி நம்பர். அவர்களுக்கு வரும் சேதியைக் கேட்டு நாங்கள் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலை ஜோலார்பேட்டையிலிருந்து டிரங்க் கால். பக்கத்து வீட்டுத் தையல்கார பாயின் தங்கை. பாயின் அம்மா உடம்பு சரியில்லாமல் பத்து நாளாக அந்த மகள் வீட்டில்தான் இருந்தார். இரைச்சலுக்கு நடுவே, "அம்மா போயிட்டாங்க... அண்ணனை உடனே..." என்றது குரல். லைன் அறுந்துவிட்டது.

பாய் கம்பைநல்லூருக்குத் துணி கொடுக்கப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. அவர் வரும்வரை காத்திருக்க எனக்கு எங்கே பொறுமை? சாக்பீஸை எடுத்தேன். 'தையல்கார பாயின் தாயார் காலமானார்.' அன்றைக்கென்று எழுத்து அத்தனை அழகாக விழுந்தது.

மதியம் திரும்பி வந்த பாய், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அதைப் படித்திருக்கிறார். இறங்கவே இல்லை. அதே பஸ்ஸில் பொம்மிடி போய் ரயில் ஏறிவிட்டாராம், கண்டக்டர் சொன்னார்.

சாயங்காலப் பஸ்ஸிலிருந்து துணிப்பையோடு இறங்கியது பாயின் அம்மா.

மகள் போன் போட்டுச் சொல்லியும் ஸ்டேஷனுக்கு மகன் வரவில்லையே என்று குறைபட்டுக்கொண்டே நேராகப் பலகை முன்னால் வந்து நின்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சுற்றி நின்றவர்கள் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்ன கண்ணு, எல்லாரும் இதையே பாக்கறாங்க? என்னா எழுதியிருக்க?"

"மழை வரும்னு போட்டிருக்கேங்கம்மா."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு துண்டு மேகம் இல்லை. ஈரத்துணியால் அவசரமாக அழித்தேன். பலகை காயக் காய எழுத்து திரும்ப மேலே வந்தது.

பாய் மறுநாள் காலைதான் திரும்பினார். அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டட்டும் என்று நின்றேன். தங்கச்சி போனில் சொன்ன வார்த்தை என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"எங்கூட்ல யாராச்சும் இறந்தா போயிட்டாங்கன்னு சொல்லமாட்டோம் தம்பி. மவுத்தாயிட்டாங்கன்னுதான் சொல்லுவோம். இத்தன வருசமா பக்கத்து வூட்ல இருக்கறீங்க. இனி அந்த வார்த்தை வந்தா வந்து சொல்லுங்க. எழுதாதீங்க."

அதற்குப் பிறகு போன் மணி அடித்தாலே அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காது காத்திருந்தது. சில மாதம் கழித்து பாயின் அம்மா மறுபடி மகள் வீட்டுக்குப் போனார். நான் பலகையில் மின்தடையைத் தாண்டி எதுவும் எழுதவில்லை.

ஒரு முற்பகல் ஜோலார்பேட்டையிலிருந்து பாயின் தங்கையின் அழைப்பு. லைனில் துளி இரைச்சல் இல்லை. அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது. இருந்தும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

பக்கத்தில் பாயின் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சத்தத்தை நோக்கி நடந்தேன்.