காலி வேகன் ஒன்று, குடை நான்கு

சரக்கு தானாக நடந்து போகாது. அதற்காக நடப்பவனுக்குப் பெயர்தான் ஃபார்வர்டிங் ஏஜென்ட். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்ஸ் ஷெட்டில் நான் அந்த வேலை பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், லோரிகள் எங்கள் பிழைப்பில் கை வைப்பதற்கு முன்பு. வியாபாரி சரக்கைக் காட்டுவார். ரயில்வேயிடம் வேகன் கேட்டு வாங்கி, சரக்கை ஏற்றி, அது ஊர் போய்ச் சேரும்வரை வியாபாரியிடம் ஏச்சு வாங்குவது நம் பொறுப்பு. என் கம்பெனி என்பது நானும் ஒரு சைக்கிளும்தான். வேகனுக்காக ஒரு நாளாவது காத்துக் கிடந்தவர்கள் இதைப் படித்தால், சிரிப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். தாராளமாக விடுங்கள். நானும் விட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டுக்கு வந்த வாசம்

தொழிலுக்கு வந்த புதிதில் கொஞ்சம் பட்டுச் சேலைக் கட்டுகள் என் கைக்கு வந்தன. கப்பலில் வந்து இறங்கி, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் ஜவுளிக்கடைக்கு வரவேண்டிய சரக்கு. ஒரு வேகன் எடுக்கிற அளவுக்கு இல்லை. “என் வேகன்ல பாதி சும்மாதான் இருக்கு தம்பி, ஏத்திக்குங்க” என்றார் சவரிமுத்து. எனக்கு முன்பே தொழிலுக்கு வந்த ஏஜென்ட் அவர். மற்ற பாதியில் என்ன சரக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கருவாடு. நாள் முழுக்க அதோடு பழகியவருக்கு அது வாசமாகவே தெரிவதில்லை என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன்.

வேகனைத் திறந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ஜவுளிக்கடைக்குள் நுழையப் பயந்து அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு சுற்றில் எட்டிப் பார்த்தால், கடைக்குள் சவரிமுத்து நிற்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை. “இவர் மேல தப்பில்லைங்க, ஏத்தச் சொன்னது நான்தான்” என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, எனக்கு வரவேண்டிய ஏச்சு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். அன்றைக்கே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. முதலாளி கத்தி ஓய்ந்து, ஒரு சேலையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனா, பின்னால பூனைதான்யா வரும்.”

எந்தச் சத்தம் பெரிய சத்தம்

வடக்கே, சுங்கை பூலோவுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி மாணிக்கம். தோட்டத்து ஆபீஸ் அவர் கையில்தான் இருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் தோட்டத்து ஸ்டோரில்தான் அரிசி அளப்பார்கள். அந்த அரிசி மாதாமாதம் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் போகவேண்டும். முன்பு பார்த்த ஏஜென்ட் மெஷின் சாமான்களை முதலில் அனுப்பி, அரிசியைப் பின்னால் தள்ளிவிட்டாராம். லயத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டியிருக்கிறார்கள்.

அதனால் வேறு ஆள் தேடி மாணிக்கம் என்னிடம் வந்தார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. சந்தோஷத்தில், ரப்பர் ஷீட்டையும் நானே அனுப்பித் தருகிறேன், ஒரு மணி நேரம்கூடத் தாமதம் ஆகாது என்று அளந்துவிட்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “ரப்பர் லேட்டாப் போனா துரை கத்துவாரு. அரிசி லேட்டா வந்தா பிள்ளைங்க கத்தும். துரை சத்தத்தை நான் தாங்கிக்குவேன், மத்ததை நீங்க பாத்துக்குங்க.”

குடை கிடக்கும் இடம்

வடக்கே போகும் வேகன்களைப் பங்கிட்டுக் கொடுத்தவர் கூட்ஸ் கிளார்க் தம்பையா. யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கு மாஸ்டர். அவர் ஜன்னலுக்கு எதிரே கூரை இல்லாத மேடை ஒன்று உண்டு. காலையில் முதலில் வருகிறவர் தன் குடையை மேடை ஓரத்தில் படுக்க வைப்பார். அடுத்தவர் குடை அதற்குப் பக்கத்தில். குடையை விட்டுவிட்டு நாம் காப்பி குடிக்கப் போகலாம், வியாபாரியைப் பார்க்கப் போகலாம், இடம் போகாது. அடுத்தவன் குடையை யாரும் காலால்கூடத் தொடமாட்டார்கள். சவரிமுத்து, அன்னாசிப்பழம் அனுப்பும் ஆறுமுகம், மண்ணெண்ணெய் அனுப்பும் காசிம் பாய், நான் என்று வழக்கமாக நான்கு குடைகள் கிடக்கும்.

மழை வந்தால்தான் வேடிக்கை. நான்கு பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு நிற்போம். காலடியில் நான்கு நல்ல குடைகள் மடங்கிக் கிடக்கும். வந்த முதல் வாரம் இது தெரியாமல், தூறல் விழுந்ததும் நான் என் குடையை எடுத்து விரித்துவிட்டேன். முதல் இடத்தில் நின்றவன் கடைசிக்குப் போய்விட்டேன். அங்கேயேதானே நின்றேன், எங்கும் போகவில்லையே என்று மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “குடை கிடந்தா நீர் நிக்கிறீர். குடையை எடுத்தா நீர் போயிட்டீர். உம்மை ஆர் பாத்தது?”

மழை வலுத்த நாள்

ஒரு வருஷம் மழை விடாமல் அடித்து வெள்ளம் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களில் முழங்கால் தண்ணீர். கிள்ளான் பக்கம் தண்டவாளத்தின் மேலேயே தண்ணீர் ஏறி, வேகன்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. வடக்குப் பாதை மட்டும் மேட்டில் இருந்ததால் பிழைத்தது. அன்று தம்பையா ஜன்னலைத் திறந்ததும் சொல்லிவிட்டார்: வடக்கே போக ஒரே ஒரு காலி வேகன், அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. வெள்ளத்தில் நடந்து வந்ததில் எனக்குத் தாமதமாகி, என் குடை கடைசியில் கிடந்தது. தோட்டத்து அரிசி ஷெட்டுக்குள் அடுக்கி இருந்தது. ஒரு வேகன் நிறைய அரிசி.

அப்போது மாணிக்கம் வந்தார். இடுப்புத் தண்ணீரில் ஸ்டேஷன்வரை நடந்து, ரயில் பிடித்து வந்திருந்தார். ஸ்டோருக்குள் வெள்ளம் புகுந்து, இருந்த அரிசியும் போய்விட்டது. ரோடு மூழ்கிவிட்டது. மரவள்ளியைப் பிடுங்கலாம் என்றால் அதுவும் தண்ணீருக்குள். “நேத்துக் கஞ்சியோட சரிங்க” என்று என்னிடம்தான் சொன்னார். அந்தச் சின்ன மேடையில் அது எல்லார் காதிலும் விழுந்தது. முதல் குடை சவரிமுத்துவுடையது. அவருடைய கருவாடு ஈப்போவுக்குப் போகவேண்டும், ஈரம் பட்டால் குப்பை. ஆறுமுகத்தின் பழங்கள் இன்னொரு நாள் தாங்காது. அவரவர் வியாபாரிக்கு அவரவர் பதில் சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? கேட்க வாய் வரவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

சவரிமுத்து குனிந்து தன் குடையை எடுத்து, ஒரு உதறு உதறி விரித்துக்கொண்டார். காசிம் பாய் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் குடையையும் எடுத்துவிட்டார். ஆறுமுகம் மட்டும் அசையவில்லை. ஷெட்டுக்குள் இருந்த பழக்கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மழையை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, அவரும் குனிந்தார். மேடையில் என் குடை மட்டும் கிடந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. தம்பையா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “என்ன, எல்லாரும் விளங்கித்தானே எடுத்தனீங்கள்? வரிசை போயிடும்” என்றார். சவரிமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மழை பெய்யுது மாஸ்டர். குடை பின்ன எதுக்கு இருக்கு?”

கெட்டிக்காரனுக்கு வந்த வேலை

வெள்ளத்தில் கூலியாட்கள் யாரும் வரவில்லை. நாங்கள் நான்கு ஏஜென்ட்களும் மாணிக்கமும்தான் மூட்டையைச் சுமந்து வேகனில் ஏற்றினோம். நானும் கூடவே போனேன். ஸ்டேஷனில் தோட்டத்து ஆட்கள் காத்து நின்றார்கள். ஆணும் பெண்ணும் மூட்டைகளைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அன்று சாயங்காலம் லயத்தில் சோறு பொங்கினார்கள். சவரிமுத்துவின் கருவாடு ஷெட்டிலேயே ஊறிக் கெட்டது.

வெள்ளம் வடிந்ததும் கருவாட்டு முதலாளி என்னைத் தேடி வந்தார். “முன்னால நின்ன சவரிமுத்து கோட்டை விட்டான், கடைசில நின்ன நீ வேகனை அடிச்சிட்ட. நீதான்யா கெட்டிக்காரன், இனிமே என் சரக்கை நீயே பாரு” என்றார். நடந்ததை அப்படியே சொன்னேன். “நல்ல மனுசன்தான், யாரு இல்லேன்னா? ஆனா நல்ல மனுசன்கிட்ட சரக்கைக் குடுத்தா, சரக்குல்ல நனையுது” என்றார்.

அப்படியானால் என்னிடம் வேகன் இல்லை என்றேன். காசிம் பாயிடம் போனார், அவரிடமும் இல்லை. ஆறுமுகத்திடம் போனார், அவர் பாதி கேட்கும்போதே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டாராம். நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கடைசியில் மனிதர் களைத்துப்போய் சவரிமுத்துவின் முன்னாலேயே வந்து நின்று கேட்டார்: “என்னய்யா இது, இந்த ஊர் வேகனெல்லாம் எங்கதான் போச்சு?”

அந்தக் காலத்தில் கோலாலம்பூரில் வேகன் தட்டுப்பாடு என்று நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், ரயில்வே மேல் பழி போடாதீர்கள், அதில் கொஞ்சம் நாங்களே உண்டாக்கியது.