விரித்துக் காட்டிய சேலை

மாடி வீட்டு ஃபாத்திமா காலையில் வந்து, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் சுடிதார் விற்பனை இருக்கிறது என்று கூப்பிட்டாள். "சும்மா வந்து பாத்துட்டுப் போங்கக்கா, வாங்கணும்னு இல்ல" என்றாள். இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு எனக்குத் தலைவலி வரும் என்று மூன்று நாள் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கையிலிருந்த புதுத் துணியின் கஞ்சி வாசனை மட்டும் போகாமல் வீட்டில் நின்றது.

கல்யாணமான புதிதில் சிவகாசியில் நானும் இப்படிச் சேலை விற்றவள்தான். தீபாவளிக்கு முன்னால் மதுரையிலிருந்து கட்டு வரும். பாயை விரித்து, வடையும் காபியும் கொடுத்தால் தோழிகள் கூடிவிடுவார்கள். ஆளுக்கொரு சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பதும், இதைக் கட்டினால் உன் மாமியார் மாதிரி இருப்பாய் என்று கேலி செய்வதுமாகப் பொழுது போகும். சேலை ஒரு சாக்கு. சாக்கு இல்லாமல் எந்த வீட்டில் பெண்களை அவ்வளவு நேரம் உட்காரவிடுவார்கள்?

ஒரு சனிக்கிழமை ராஜேஸ்வரி வந்தாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. வேலை முடிந்து கம்பெனி வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். நகக்கண்ணில் சாம்பல் நிறப் பொடி மினுங்கியது. எந்த சோப்புக்கும் அது சீசன் முடியாமல் போகாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வெளிர் மஞ்சள் சேலை ஒன்று கைமாறி அவளிடம் வந்தபோது நான் எட்டி வாங்கிக்கொண்டேன். "நீ உக்காருடி, நான் விரிச்சுக் காட்டுறேன்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கழுவிட்டுத்தான்டி வந்தேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அன்று காலை அந்தக் கட்டைப் பிரித்ததே என் வீட்டுக்காரர்தான். அச்சாபீஸ் மை விரல்களோடுதான் பிரித்தார். அவரிடம் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ராஜேஸ்வரி காபி குடித்துவிட்டு, எல்லாரோடும் இருந்துவிட்டுத்தான் போனாள். எங்கள் தெருமுனையை வேன் தாண்டும்போது தினமும் ஜன்னல் வழியே கையாட்டுவாள். திங்கட்கிழமை வாசலில் நின்றேன். அவள் மறுபக்கத்து சீட்டில் இருந்தாள்.

சீசன் முடியட்டும், போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிறகு வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள் என்றார்கள். இன்று அந்தத் தெருவில் எங்கள் வீடு இல்லை, அந்த வேனும் அந்த வழியில் வருவதில்லை. எந்தக் கம்பெனி என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் போக வேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.