ஈரல் தட்டு வருவதற்கு முன்

பெண் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது ஸாவ்ரே மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யாராவது கேட்டா செஸ் டீச்சர்னு சொல்லிடு, அக்மாரால். ஈரல் வாய்க்குள்ள போற வரைக்கும்தான். அப்புறம் நீ என்னவா வேணா இரு."

"அந்த வேலையை விட்டு மூணு வருஷம் ஆச்சும்மா."

"அது அவங்களுக்குத் தெரியாதில்ல."

ஆட்டு ஈரலையும் வால் கொழுப்பையும் பெண் வீட்டார் கையால் ஊட்டிவிட்டால் சம்பந்தம் முடிந்தது. பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். ஊட்டும் வரை எதுவும் நடக்கலாம். தம்பி தௌரெனின் கல்யாணம் இன்று அந்தத் தட்டில்தான் இருந்தது.

அக்மாராலுக்கு ஆறு வயதில் செஸ் பிடித்துக்கொண்டது. பதினாறில் இளையோர் பட்டம், இருபத்துநான்கில் மாஸ்டர். அல்மாட்டியிலிருந்து இரண்டு நாள் ரயிலில் போய் ஆடி ஜெயித்தாலும் பரிசாக இஸ்திரிப்பெட்டிதான் கொடுத்தார்கள். வீட்டில் நான்கு சேர்ந்துவிட்டன. தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட ஒன்றும் சேரவில்லை.

கூட ஆடிய ஒருவன்தான் அவளைக் கோனாயெவுக்கு அழைத்துப் போனான். சீட்டாட்ட மேசைகளுக்கு அனுமதி உள்ள ஊர் அது. முதல் ஐந்து மாதம் தோற்றுக்கொண்டே இருந்தாள். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டாள். எங்கே தப்பு என்று ஒரு லாரி முதலாளிதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, நீ ரொம்ப நேரம் யோசிச்சா உன் கையில இருக்கிற சீட்டு சுமார். டக்குனு ஆடினா நான் சீட்டைப் போட்டுட்டு எழுந்துடுவேன். உன் மூஞ்சியைக்கூட பாக்க வேண்டாம், கடிகாரத்தைப் பாத்தா போதும்."

செஸ்ஸில் சிக்கலான இடத்தில் அரைமணி நேரம் யோசிக்கலாம். எல்லாம் பலகையில் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. பதினெட்டு வருடப் பழக்கம் அது. அதன்பின் நல்ல கையோ கெட்ட கையோ, மனதுக்குள் எட்டு வரை எண்ணிவிட்டுத்தான் ஆடினாள். ஒரு வருடத்தில் லாரி முதலாளி அவள் மேசைப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அவள் சொல்லித்தந்த செஸ் பள்ளியில் சுவரிலிருந்து அவள் படத்தை இறக்கிவிட்டார்கள். நேரே போய், "மாட்ட வேண்டாம்னா என் படத்தை எங்கிட்ட கொடுங்க" என்று வாங்கி வந்தாள். ஸாவ்ரேயோ அக்கம்பக்கத்தில் மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

விருந்தில் பாதிப் பாதிக் கிண்ணமாகத் தேநீர் வந்தது; நிறைய ஊற்றினால் விருந்தாளியைக் கிளம்பச் சொல்வதாக அர்த்தம். பெரியப்பா எழுந்து தங்கள் பக்கத்து ஆட்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். "இவ மூத்தவ. செஸ் மாஸ்டர். பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றா."

பெண்ணின் அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்போ எங்க சின்னவளையும் சேத்துடலாமே. எந்தெந்தக் கிழமை வகுப்பு, அம்மா?"

இந்த முறை அவள் எட்டு வரை எண்ணவில்லை.

"வகுப்பு இல்லை மாமா. செஸ்ஸை விட்டுட்டேன். கோனாயெவ்ல போக்கர் ஆடுறேன். அதுதான் என் தொழில்."

ஸாவ்ரே தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் ஈரல் தட்டோடு வந்த பெண்ணின் அத்தை ஷோல்பான் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட தம்பி அந்த ஊர்ல ஃப்ளாட்டையே தொலைச்சுட்டு வந்தான். உன்ன மாதிரி ஆளுங்ககிட்டதானா?"

"எங்கிட்டயேகூட இருக்கலாம், அக்கா. எதிர்ல உக்காறவங்க பேரை நான் கேக்கறதில்லை."

"சொல்ல வெக்கமா இல்ல?"

"பொய் சொல்லி உங்க கையால சாப்பிட்டிருந்தா வெக்கமா இருந்திருக்கும்."

"வாயைப் பாரு."

தௌரென் தலை நிமிராமல் சொன்னான்: "அவ ஆடினதுலதான் நான் படிச்சேன். அதையும் தெரிஞ்சுக்கங்க."

பெண்ணின் அப்பா தாடையைத் தேய்த்துக்கொண்டார். "தட்டு ஆறுது, ஷோல்பான்."

"ஆறட்டும்."

"நம்ம பொண்ணு இவனைத்தான் கட்டிக்கப் போறா, இவன் அக்காவை இல்லை. கொண்டா."

ஷோல்பான் வந்தாள். பெரியப்பாவுக்கு ஊட்டினாள், ஸாவ்ரேக்கு ஊட்டினாள், தௌரெனுக்கு ஊட்டினாள். சம்பந்தம் முடிந்தது. அக்மாராலைத் தாண்டித் தட்டோடு திரும்பினாள்.

"பேசாம இருடீ" என்று ஸாவ்ரே முணுமுணுத்தாள்.

"அக்கா, எனக்கு வரலை."

அறையே பார்த்தது. ஷோல்பான் திரும்பி வந்து, தட்டிலிருந்ததில் பெரிய கொழுப்புத் துண்டாக எடுத்து அவள் வாயில் திணித்தாள். கன்னமெல்லாம் உருகிய கொழுப்பு வழிந்தது. அக்மாரால் துடைக்காமல் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இதனால நீ செய்யறது சரின்னு ஆயிடாது" என்றாள் ஷோல்பான்.

"ஆகாது. சம்பந்தின்னு ஆயிடுச்சு, அது போதும்."

ஷோல்பான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்மாராலின் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள், பாதிக் கிண்ணம் மட்டும்.