ரெட் ஹில்ஸ் வீட்டு ஸ்போர்ட்ஸ் கார்

எழுபதுகளின் பின்பாதி, ஹைதராபாத். எங்கள் தொழிற்சாலையின் நகர அலுவலகத்தில் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நாம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். தண்ணீர்க் குழாய் போடுவதற்காகப் பெரிய சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ரெட் ஹில்ஸின் உள்தெருக்களில் ஊர்ந்து போனது. ஒரு வீட்டெதிரே அது நின்றபோது, திறந்திருந்த கேட் வழியாக ஒரு காரின் பின்பக்கம் தெரிந்தது. சக்கரத்தில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள். காருக்கும் கம்பி வைத்த சக்கரம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. பஸ் நகர்ந்துவிட்டது. அந்தக் கம்பிகள் எப்படி ஒரு காரின் எடையைத் தாங்குகின்றன என்ற யோசனை மட்டும் என்னோடு வந்தது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மின்னணுக் கருவிகள் செய்யும் அரசுத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. ஈயம் வைத்துப் பற்றவைத்த புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடவேண்டும். எங்கள் தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்காக வந்தவர். அண்ணனும் லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். அவன் குடும்பத்தோடுதான் குவார்ட்டர்ஸில் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் நேராக ரெட் ஹில்ஸுக்குப் பஸ் ஏறினேன். கேட்டைத் தட்டியதும் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா வெளியே வந்தார். வெள்ளைச் சேலை, கையில் மூக்குக் கண்ணாடி. அவர் பேசியதெல்லாம் ஹைதராபாத் உருது; புரிவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன வேணும்?"

"அந்தக் காரைப் பாக்கணும்."

"வாங்கவா வந்தே?"

வெறுமனே பார்க்க வந்தேன் என்றால் கேட்டைச் சாத்திவிடுவார் என்று பயந்து, ஆமாம் என்பதற்கு "ஹவ்" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் நான் கார் வாங்கப்போகிறவள் ஆகிவிட்டேன்.

கார் ஒரு தகரக் கொட்டகையின் கீழே நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். கூரை இல்லை. சிவப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. தொட்டால் துரு அடை அடையாக உதிர்ந்தது. சீட்டுக்குள் தேங்காய் நாரைப் போல ஏதோ வைத்துத் தைத்திருந்தார்கள். எலிகள் அதைப் பாதி இழுத்துவிட்டிருந்தன. கதவு முழங்கை உயரம்கூட இல்லை. பானெட்டைத் திறந்தபோது பழைய எண்ணெயும் புறா எச்சமும் கலந்த வாடை. எனக்கு எதையும் பார்க்காமல் விட்டுவரப் பிடிக்கவில்லை. எந்தக் கம்பியை இழுத்தால் எது அசைகிறது என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். அந்த அம்மா படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரின் கதையை அவரே சொன்னார். அவர் கணவர் வக்கீல். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியது. மாலையில் கோர்ட்டிலிருந்து வந்ததும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹுசேன் சாகர் கரையில் ஒரு சுற்றுச் சுற்றிவருவாராம். ஒருமுறை காரோடு பம்பாய் போனவர் நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பினார். கேஸ் இழுத்துவிட்டது என்றார். போகும்போது வெளிர் மஞ்சளாக இருந்த கார், வரும்போது சிவப்பாக இருந்தது. "உனக்காகப் பெயின்ட் மாத்தினேன்னு சொன்னார். எனக்குச் சிவப்பு பிடிக்கும்னு யார் சொன்னது?" என்று சிரித்தார். கணவர் இறந்து ஆறு வருடம். வீட்டின் முன்பக்கத்தை ஒரு சிறுவர் பள்ளிக்கு வாடகைக்கு விடப்போகிறார். அதற்குள் கார் போகவேண்டும்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"பாப்பா, உனக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது."

"கத்துக்கலாம்ல."

"துருப்பிடிச்ச வண்டியிலயா கத்துக்குவ? நக்கோ. வேணாம்."

"வந்து ஒரு தடவை பாரு. பாத்துட்டு வேணாம்னு சொல்லு."

மறு ஞாயிறு அவனும் வந்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் தொழிற்சாலை ஸ்டோரில் ஒரு காந்தத் துண்டை இரவல் வாங்கி வந்திருந்தேன். இரும்பு நல்லதாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தால் நழுவி விழும். முன்பக்கத்திலிருந்து அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். துரு இருந்தாலும் காந்தம் ஒட்டியது. சீட்டுக்குப் பின்னால், கதவு முடியும் இடத்தில் நழுவியது. அதற்கு மேலே வைத்தேன், நழுவியது. கீழேயும் நழுவியது. வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அதே இடத்தில் வைத்தேன். அங்கேயும் நழுவியது. கோடு கிழித்தமாதிரி ஒரே நேராக இருந்தது. துருவுக்கு நேர்கோடு தெரியாது.

"அண்ணே, இங்க வாயேன்."

அண்ணன் பேனாக்கத்தியால் பட்டியைச் சுரண்டினான். பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கடியில் புகுந்தான். டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் போய்வந்தது. கடைசியில் குரல் மட்டும் வந்தது.

"பாப்பா, இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி."

நானும் தவழ்ந்து உள்ளே போனேன். வண்டியின் நீளத்துக்கும் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களை நடுவில் வெட்டி, வேறொரு வண்டியின் சட்டங்களோடு சேர்த்து வெல்டு வைத்திருந்தார்கள். சிவப்புக்கு அடியில் சுரண்டினால் முன்பாதியில் வெளிர் மஞ்சள். பின்பாதியில் பச்சை.

"எவனோ நல்ல கைக்காரன். தேச்சு மறைச்சிருக்கான் பாரு. ஆனா துரு உள்ளாற போயிடுச்சு. ஒரு பள்ளத்துல விட்டா ரெண்டா நிக்கும்."

நாங்கள் தமிழில் பேசியது அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எங்கள் முகம் புரிந்திருக்கவேண்டும். "என்ன?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். ஒன்றுமில்லை, துரு அதிகம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். இறந்துபோன மனிதர் மறைத்து வைத்ததைத் திறக்க நான் யார் என்றும் தோன்றியது. ஆனால் அந்த நான்கு மாதத்துக்குக் கணவர் சொன்ன காரணத்தை அந்த அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியாகப் படவில்லை. சொன்னேன்.

அவர் அழவில்லை. படியிலிருந்து இறங்கி வந்து, "காட்டு" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் முட்டிபோட்டு, கன்னம் தரையில் படுகிறமாதிரி குனிந்தார். நான் டார்ச்சைப் பிடித்தேன். மஞ்சளையும் பச்சையையும் விரலால் தொட்டார்.

"அவருக்கு இந்த எலும்பு தூக்கிக்கிட்டு இருக்கும்" என்று தன் இடது தோள்பட்டையைக் காட்டினார். "பம்பாய்ல ஹோட்டல் மாடிப்படியில விழுந்தேன்னார்." பிறகு, "நான் உட்கார்ந்து போனது எந்த வண்டியில?" என்று கேட்டார்.

சீட்டு முன்பாதியில் இருந்ததால் பழைய மஞ்சள் வண்டிதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

திரும்பும்போது அண்ணன் பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான். ஒர்க்‌ஷாப் நிறுத்தம் வருவதற்கு முன்னால் வாயைத் திறந்தான்.

"புதுச் சட்டம் அடிச்சுப் போட்டா நிக்கும்."

"ரெண்டா நிக்கும்னியே?"

"அது இப்ப இருக்கிற நிலமைக்குச் சொன்னேன்."

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சு. வேண்டாம் என்றவன் சாப்பாட்டுத் தட்டில் விரலால் சட்டம் வரைந்துகொண்டிருந்தான். வேண்டும் என்ற எனக்கோ ஆசை அடங்கிவிட்டிருந்தது. ஒருநாள் பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது என்னையே கேட்டுக்கொண்டேன்: அந்த வண்டியை ஓட்டுவதாக ஒருதடவையாவது நினைத்துப் பார்த்தேனா? இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன். பார்த்தாகிவிட்டது. நான் வாங்கப்போவதில்லை. ஆனால் அதை அண்ணனிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு உற்சாகத்தைப் பார்த்து வருடங்களாகியிருந்தன.

அந்த அம்மாவிடமிருந்து நான் எழுதிக் கொடுத்திருந்த தொழிற்சாலை முகவரிக்கு ஒரு கார்டு வந்தது, உடனே வரச் சொல்லி. இருவரும் போனோம். அவர் பம்பாயில் இருந்த கணவரின் நண்பருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் நுணுக்கமான ஆங்கிலக் கையெழுத்தில் இருந்தது. நீயே படி என்று என்னிடம் நீட்டினார்.

படித்து உருதுவில் சொன்னேன். மலைப்பாதையில், மழையில், பின்னால் வந்த லாரி பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கிறது. காரின் பின்பாதி நசுங்கிவிட்டது. நண்பரும் கூட இருந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பூனாவில் முன்பக்கம் எரிந்துபோன அதே மாதிரிப் பச்சைக் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து, ஒரு மெக்கானிக் இரண்டையும் சேர்த்திருக்கிறான். கடைசிப் பத்தியில் நண்பர் இப்படி எழுதியிருந்தார்: விஷயம் தெரிந்தால் நீங்கள் இனி தன்னோடு காரில் ஏறமாட்டீர்கள் என்றார் உங்கள் கணவர். அதனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மா கடிதத்தை வாங்கி மடித்தார்.

"நிஜம்தான். ஏறியிருக்க மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "இப்ப சொல்லு. எடுத்துக்கிறியா?" என்றார்.

"எனக்கு வேண்டாம்மா. நான் அன்னைக்குப் பாக்கத்தான் வந்தேன். வாங்கறேன்னு பொய் சொன்னேன்."

"கேட்டிருந்தா சும்மாவே காட்டியிருப்பேனே" என்றார், கோபமில்லாமல்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "நான் எடுத்துக்கறேன்" என்றான், அரைகுறை உருதுவில். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

லாலாகூடாவில் ஒரு பழைய கொட்டகையில் வைத்து அவன் அதோடு மூன்று வருடம் மல்லுக்கட்டினான். லீவு நாளெல்லாம் அங்கேதான். அண்ணிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. பற்றவைத்த இடங்களைப் பார்த்துத் தேறும், தேறாது என்று சொல்ல மட்டும் என்னைக் கூப்பிடுவான். மூன்று இடத்தைத் தேறாது என்றேன். முனகிக்கொண்டே அறுத்துவிட்டு மறுபடி வைத்தான்.

வண்டி ஓடத் தயாரானதும் அந்த அம்மாவுக்குச் சொல்லியனுப்பினோம். ஆட்டோவில் வந்தார். மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். அப்புறம், நாங்கள் எதிர்பார்க்கவில்லை, அன்றுபோலவே மண்ணில் முட்டிபோட்டுக் குனிந்தார்.

"அந்த ஒட்டு எங்கே? மஞ்சளும் பச்சையும் சேர்ற இடம்?"

"அத எடுத்துட்டேன்மா. முழுசாப் புதுச் சட்டம்" என்றான் அண்ணன் பெருமையாக.

"பழசு?"

"எடைக்குப் போட்டாச்சு."

"அச்சா" என்றார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். அவர் முகம் சற்று வாடியதை நான் கவனித்தேன், அண்ணன் கவனிக்கவில்லை. ஒரு சுற்றுப் போகலாம் என்று கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். டீ குடித்தார், சர்க்கரை போதும் என்றார், ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

அன்று அந்த அம்மா உட்கார்ந்து போன சீட்டில் நான் உட்கார்ந்தேன். அண்ணன் மௌலாலி வரை ஓட்டினான். சாலை உட்காருமிடத்துக்கு ஒரு சாண் கீழே ஓடியது. சத்தத்தில் அவன் சொன்ன எதுவும் கேட்கவில்லை. காலடியில் என்ஜின் சூடு. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலை நான் வழக்கம்போல ஃபேக்டரி பஸ்ஸுக்கு நின்றேன்.