டிஸ்சார்ஜ் ஆகாத நோயாளி

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து வாருங்கள், கண்ணுகளா. சாப்பிட்டாயிற்றா? சாப்பிடாதவர்கள் முதலில் போய் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இதைக் கேட்ட பிறகு சோறு இறங்காது. கட்டுக்கதை இல்லை இது. என் கண்ணால் பார்த்தது, என் மூக்கால் முகர்ந்தது.

1998 ஜூன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தி. நகரில் பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். நான் அங்கே டைப் அடிப்பவள். மந்தைவெளியில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் புது சர்வர் தயாராகிக்கொண்டிருந்தது. நோயாளியின் பெயர், எடை, சாப்பாடு எல்லாம் அதில்தான் ஏறும். அவர்களுடைய பழைய புரோகிராம் அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நோயல் என்ற பையன் ஒரு சோதனை எழுதியிருந்தான். அது தானாகவே ஓடும். ஒரு பொய் நோயாளியைச் சேர்க்கும், டிஸ்சார்ஜ் செய்யும், அழிக்கும். பிறகு எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணும். பூஜ்யம் வர வேண்டும். இப்படி முந்நூறு முறை.

திங்கள் காலை ஒன்பதுக்குள் முந்நூறும் பாஸ் ஆகாவிட்டால் நோயலுக்கு வேலை போய்விடும். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவன். ஆபீஸில் நாங்கள் இருவர்தான்.

மதியம் 2.17. நாற்பத்தோராவது சுற்று. பிரிண்டர் 'கிர்ர்க்' என்று நின்றது. ஃபெயில். பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று.

"ஒரு ஆளு மிச்சம் கீறாரு, ஜானுக்கா," என்றான் நோயல். "வூட்டுக்குப் போவ மனசு வரலையாம்."

கையாலேயே அழித்தான். மறுபடி ஓட்டினான். மறுபடியும் ஒன்று. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. எடை மட்டும் இருந்தது. 52 கிலோ.

"பேரில்லாம ஏண்டா எழுதினே?"

"நான் எழுதலக்கா. நான் போட்டது 'டெஸ்ட்'னு பேரு. எடை அறுபது."

2.40. எடை 44.

அப்போதுதான் அந்த நாற்றம். ஆறாத புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது வருமே... அது. வெளியே சாக்கடை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். நாற்றம் கூடியது.

2.58. எடை 31. காகிதத்தைக் கிழித்தேன். ஈரம். விரலில் மஞ்சளாய் நூல் இழுத்தது. புடவையில் துடைத்தேன். போகவில்லை.

3.06. எடை 12.

'கிர்ர்க்... கிர்ர்க்...' காகிதத்தோடு ஒரு கொத்து முடி வந்தது. அடியில் தோல்.

"நிறுத்துடா."

3.11.

எடை 0.

ஆள் மட்டும்... இன்னும் இருந்தது.

நோயல் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். மறு கையால், மிச்சம் எத்தனை என்று எண்ணும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டான். எண்ணினால்தானே தப்பு தெரியும்?

முந்நூறும் பாஸ்.

"வெளிய சொல்லிடாதக்கா."

நான் சொல்லவில்லை. விரலில் ஒட்டியதைவிட, வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்றும் குமட்டுகிறது.

சர்வர் மந்தைவெளிக்குப் போனது. நோயலுக்கு வேலை நிலைத்தது.

செப்டம்பரில், அந்த நர்சிங் ஹோமில் ஆயாவாக இருக்கும் சகினாவை பஸ்ஸில் பார்த்தேன். புது கம்ப்யூட்டர் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீது. தெனம் சாப்பாட்டு லிஸ்ட்டுல ஒரு ஆளு ஜாஸ்தி, அவ்ளோதான். பேரு கூட இல்ல. லிஸ்ட்டுல கீதேன்னு சமையக்காரம்மா ஒரு தட்டு கஞ்சி ஊத்தி வராண்டாவுல வெச்சிரும். காலைல பார்த்தா நக்கி வெச்ச மாதிரி கீது. சுத்தி மஞ்சளா எச்சி. நான்தான் கழுவிக்கினு கீறேன், கருமம்."

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டேன். "எடை... போட்டிருக்கா?"

"போட்டுக்கீதே. வந்தப்ப சைபரு. நேத்து முப்பத்தொம்போது. தேறிக்கினு வராரு."

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் போடும் சோறெல்லாம் உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கே போய்ச் சேரட்டும்.